ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொன்னால்: கேப்ட்சா பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேப்ட்சாவைப் பற்றியவை. வலைத்தளத்துக்கு வருபவர் மனிதரா, தானியங்கி நிரலா என்று பிரித்தறிய வைக்கும் சிறு சோதனைதான் கேப்ட்சா. பார்வையற்ற மாணவர்கள், வேலையில் இருப்பவர்கள், வீட்டில் அவர்களுக்கு உதவுகிறவர்கள், ஒரு வலைத்தள வடிவமைப்பாளர் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். விசைகளை, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானின் கணக்கில் சொல்கிறோம். 'என்விடிஏ விசை' என்று வருமிடத்தில் இன்ஸர்ட்டை அழுத்துங்கள். அமைப்பில் மாற்றி வைத்திருந்தால் கேப்ஸ்லாக்கை அழுத்துங்கள்.

தேர்வு விண்ணப்பம் முழுவதையும் நானே நிரப்பிவிடுகிறேன். கடைசியில் "கிராஃபிக், கேப்ட்சா" என்று மட்டும் சொல்லித் திரைவாசிப்பான் நின்றுவிடுகிறது. படத்தில் என்ன இருக்கிறது என்று பின்னால் எழுதிவைத்தால் வாசித்துவிடுமே! ஏன் எழுதுவதில்லை?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

மற்ற படங்களுக்கு அப்படித்தான் மாற்று உரை எழுதுகிறார்கள். கேப்ட்சாவில் விடையை மாற்று உரையாக எழுதினால் உங்கள் திரைவாசிப்பான் வாசிக்கும் அதே வரியை, ஆயிரம் போலிக் கணக்கு தொடங்க வந்த நிரலும் வாசித்துவிடும். அதைத் தடுக்கத்தானே கேப்ட்சாவையே வைக்கிறார்கள். அதனால் அங்கே விடையை எழுத மாட்டார்கள்.

கோளாறு தொடங்கிய இடம் வேறு. மனிதருக்கு எளிதாகவும் கணினிக்குக் கடினமாகவும் ஒரு வேலையைத் தேடியவர்கள், நெளிந்த எழுத்தைக் கண்ணால் படிப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். மனிதரா என்று கேட்க வேண்டிய இடத்தில் கண் தெரிகிறதா என்று கேட்டுவிட்டார்கள். வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இந்தக் குறையை விளக்கி 2005லேயே தனிக் குறிப்பு வெளியிட்டது. இருபது ஆண்டு கழித்தும் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒலி பட்டன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பி விசையை அழுத்திக்கொண்டே போனால் பட்டன்கள் ஒவ்வொன்றாக வரும். பல தளங்களில் ஒலி பட்டனுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். வெறும் "பட்டன்" என்று கேட்கும். படத்தை ஒட்டி அப்படி இரண்டு இருந்தால், ஒன்று படத்தைப் புதுப்பிப்பதாகவும் மற்றது ஒலியாகவும் இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. அழுத்திப் பார்ப்பதில் நட்டமில்லை.

ஒலி இல்லையென்றால் விண்டோஸ் 10, 11இல் உள்ள எழுத்துணரியைப் பயன்படுத்தலாம். ஜி விசையால் கேப்ட்சா படத்துக்குப் போய், என்விடிஏ விசையோடு ஆர் அழுத்துங்கள். படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றி ஒரு தனிப் பக்கம் போலத் தரும். அதில் வலது அம்புக்குறியால் ஓரெழுத்து ஓரெழுத்தாக நகருங்கள். பி, டி, ஈ போன்றவை காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் நம்பர்பேடில் 2ஐ வேகமாக இருமுறை அழுத்துங்கள். "பிராவோ", "டெல்ட்டா", "எக்கோ" என்று பிரித்துச் சொல்லும். பெரிய எழுத்து வரும்போது குரல் உயர்ந்து ஒலிக்கும். அது போதவில்லையென்றால் பேச்சு அமைப்பில் பெரிய எழுத்துக்கு முன்னால் "கேப்" என்று சொல்லும்படி வைத்துக்கொள்ளலாம். எஸ்கேப் அழுத்தினால் பழைய பக்கத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

இது எங்கே சறுக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். திரையை இருட்டாக்கும் 'திரைச்சீலை' வசதியைப் போட்டிருந்தால் எழுத்துணரி வேலை செய்யாது; என்விடிஏ, கன்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி அதை எடுத்துவிடுங்கள். சுழியத்தையும் 'ஓ'வையும், ஒன்றையும் சிறிய 'எல்'லையும், ஐந்தையும் 'எஸ்'ஸையும் எழுத்துணரி குழப்பிக்கொள்ளும். எழுத்துகளின் குறுக்கே கோடு கிழித்திருந்தால் பெரும்பாலும் உளறும். அப்போது படத்தைப் புதுப்பித்து மூன்று நான்கு முறை முயலுங்கள், கோடு குறைவாக விழுந்த படம் வரக்கூடும். தவறான விடை கொடுத்தால் சில தளங்கள் கடவுச்சொல் பெட்டியையும் காலியாக்கிவிடும். இரண்டாம் முறை அனுப்பும் முன் அந்தப் பெட்டிக்குப் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"ஐ ஆம் நாட் எ ரோபாட்" என்ற பெட்டியில் டிக் செய்தபின் என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. சில நாள் உடனே விட்டுவிடுகிறது. சில நாள் ஏதோ திறக்கிறது, பிறகு காணாமல் போகிறது.
– வங்கி ஊழியர், மதுரை

நீங்கள் சொல்வது கூகுளின் ரீகேப்ட்சா இரண்டாம் பதிப்பு. 2014 இறுதியில் வந்தது. பெட்டியில் டிக் செய்தவுடன், உங்கள் பிரவுசரில் உள்ள குக்கிகளையும் (தளங்கள் சேமித்து வைக்கும் சிறு குறிப்புகள்) இணைய முகவரியையும் இன்னும் சிலவற்றையும் வைத்து உங்களை எடைபோடுகிறது. திருப்தி என்றால் அப்படியே விடும். இல்லையென்றால் புதிர் வரும். நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை.

புதிர் "காணாமல் போவதற்கு" ஒரு காரணம் உண்டு. டிக் பெட்டி படிவத்தின் நடுவில் இருக்கும். அது திறக்கும் புதிர்ச் சட்டகமோ பக்கத்தின் நிரல்வரிசையில் கடைக்கோடியில் சேர்க்கப்படுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒட்டினாற்போலத் தெரியும். திரைவாசிப்பான் நிரல்வரிசைப்படி போவதால், கர்சர் ஒருமுறை விலகிவிட்டால் புதிர் அடுத்த வரியில் கிடைக்காது. இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

வரிசையாகச் செய்ய வேண்டியது இது. படிவத்தின் மற்ற எல்லாப் பெட்டிகளையும் முதலில் நிரப்பிச் சரிபார்த்துவிடுங்கள். எக்ஸ் விசையால் டிக் பெட்டிக்குப் போய் ஸ்பேஸ் அழுத்துங்கள். இரண்டு மூன்று விநாடி பொறுத்திருங்கள். "யூ ஆர் வெரிஃபைட்" என்று வந்தால் வேலை முடிந்தது. புதிர் வந்தால் "ரீகேப்ட்சா சேலஞ்ச் எக்ஸ்பயர்ஸ் இன் டூ மினிட்ஸ்" என்ற பெயருள்ள சட்டகம் திறக்கும். அது காதில் விழாவிட்டால் கன்ட்ரோல், எண்ட் சேர்த்து அழுத்திப் பக்கத்தின் கடைசிக்குப் போய், அங்கிருந்து ஷிஃப்ட்டோடு எம் அழுத்திப் பின்னோக்கிச் சட்டகம் தேடுங்கள்.

உள்ளே முதலில் வருவது படப் புதிர். சிக்னல் உள்ள படங்களைத் தேர்ந்தெடு, பேருந்தைத் தேர்ந்தெடு என்று கேட்கும். அதைத் தொடவே வேண்டாம். பி விசையால் "கெட் ஆன் ஆடியோ சேலஞ்ச்" பட்டனுக்குப் போய் என்டர் அழுத்துங்கள். பிறகு "ப்ளே" பட்டன். ஒலி ஓடத் தொடங்கியதும் எழுதும் பெட்டிக்கு வாருங்கள். கேட்ட சொற்களைத் தட்டச்சு செய்து "வெரிஃபை" அழுத்துங்கள். "மல்டிப்பிள் கரெக்ட் சொல்யூஷன்ஸ் ரெக்வயர்ட்" என்று சொன்னால் நீங்கள் தோற்றதாகப் பொருளில்லை. இன்னொன்றும் கேட்கிறது, அவ்வளவுதான். பலர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் விலகிவிடுகிறார்கள்.

முடிந்ததும் மீண்டும் எக்ஸ் விசையால் டிக் பெட்டிக்கு வந்து "செக்ட்" என்று சொல்கிறதா என்று பாருங்கள். பிறகு வேறெங்கும் நிற்காமல் நேரே சமர்ப்பிக்கும் பட்டனுக்குப் போய்விடுங்கள். கிடைத்த அனுமதி இரண்டே நிமிடம்தான் செல்லும். அதற்குள் அனுப்பாவிட்டால் டிக் தானாக நீங்கிவிடும், அதுவும் சத்தமில்லாமல் நீங்கும். "எல்லாம் சரியாகச் செய்தும் படிவம் போகவில்லை" என்று வந்த வேறு இரண்டு கடிதங்களுக்கும் இதுவே பதில். முதலில் கேப்ட்சாவை முடித்துவிட்டுப் பிறகு பிறந்த தேதியைத் திருத்தப் போயிருப்பார்கள்.

ஒலிப் புதிர் ஓடும்போது திரைவாசிப்பானும் கூடவே பேசுகிறது. இரண்டும் கலந்து ஒன்றுமே புரிவதில்லை. நான் தமிழ் வழியில் படித்தவள். அந்த ஆங்கில உச்சரிப்பும் பிடிபடவில்லை.
– ஆசிரியை, திருவாரூர்

உங்கள் காதில் எந்தக் குறையும் இல்லை. 2009இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 150க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார்கள். படக் கேப்ட்சாவை விட ஒலிக் கேப்ட்சா பார்வையற்றவருக்கு மட்டுமல்ல, பார்வை உள்ளவருக்கும் கடினமாகவும் நேரம் பிடிப்பதாகவும் இருந்தது. பிறகு அவர்கள் புதிரை மாற்றவில்லை; ஒலியை ஓட்டுவது, நிறுத்துவது போன்றவற்றை எழுதும் பெட்டிக்குள்ளேயே விசைகளாக வைத்தார்கள். அதாவது, பட்டனுக்கும் பெட்டிக்கும் ஓடவேண்டியதில்லை. அந்த ஒரு மாற்றத்திலேயே பார்வையற்றவர்களின் வெற்றி விகிதம் 59 சதவீதம் உயர்ந்தது. கேட்பதை விட, கேட்கும்போதே அங்குமிங்கும் நகர வேண்டியிருப்பதுதான் பெரிய தடை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அந்த நகர்வைக் குறைக்க நீங்களும் சிலவற்றைச் செய்யலாம். என்விடிஏ விசையோடு 2, பிறகு என்விடிஏ விசையோடு 3: தட்டச்சு செய்யும் எழுத்தையும் சொல்லையும் திருப்பிச் சொல்வது அணையும்வரை அழுத்துங்கள். நீங்கள் முதல் சொல்லை அடிக்கும்போது இரண்டாவது சொல்லை மறைப்பது இந்த எதிரொலிதான். அடுத்தது என்விடிஏ, ஷிஃப்ட், டி. திரைவாசிப்பான் பேசும்போது மற்ற ஒலிகளைத் தணிக்கும் வசதி இது. "நோ டக்கிங்" என்று கேட்கும்வரை அழுத்துங்கள். இல்லாவிட்டால் அது வாய் திறக்கும்போதெல்லாம் புதிரின் ஒலி உள்ளே அமுங்கிவிடும். ஓட்டியபின் அது ஏதாவது பேசத் தொடங்கினால் கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டுங்கள், வாய் மூடிக்கொள்ளும். ஸ்பீக்கர் வேண்டாம், இரு காதுக்குமான ஹெட்போன் போடுங்கள்.

முதல்முறை கேட்கும்போது தட்டச்சு செய்யாதீர்கள். முழுதும் கேளுங்கள். மறுமுறை ஓட்டி எழுதுங்கள். ஆங்கில உச்சரிப்புக்கு: புதிரில் ஒலியை எம்பி3 கோப்பாக இறக்கும் இணைப்பும் இருக்கும். இறக்கி விஎல்சியில் திறந்து, இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி விசையை ([) இரண்டு மூன்று முறை அழுத்தினால் வேகம் குறையும். அந்த இரண்டு நிமிடக் கெடுவை மட்டும் மறந்துவிடாதீர்கள். புரியாத துணுக்கோடு மல்லுக்கட்டாமல் "கெட் எ நியூ சேலஞ்ச்" அழுத்தி வேறொன்று வாங்குவது பல நேரம் மேல். பக்கத்திலேயே "கெட் எ விஷுவல் சேலஞ்ச்" என்ற பட்டனும் இருக்கும், தவறி அதை அழுத்தினால் மறுபடி படத்துக்கே போய்விடும்.

ஒலிப் புதிரை அழுத்தினாலே "உங்கள் கணினியிலிருந்து தானியங்கிக் கோரிக்கைகள் வருகின்றன, பிறகு முயலுங்கள்" என்று மறுக்கிறது. விடுதி இணைப்பில் எப்போதும் இப்படித்தான். படப் புதிர் மட்டும் என் அறைத் தோழனுக்கு வருகிறது.
– ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

ஒலிப் புதிரை உடைக்கப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் போதும் என்று 2017இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் செய்தே காட்டினார்கள். அவர்கள் எழுதிய நிரல் அன்றைய ரீகேப்ட்சா ஒலிப் புதிரில் 85 சதவீதத்தை உடைத்தது. போலி நிரல்கள் நுழையும் வழியும் ஒலிதான், உங்களுக்கு உள்ள ஒரே வழியும் ஒலிதான். சந்தேகம் வந்தால் முதலில் சாத்தப்படுவது அந்தக் கதவு. இது மிகப் பெரிய அநீதி என்றே நாங்கள் நினைக்கிறோம்.

விடுதியில் சந்தேகம் வரக் காரணம், நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இணைய முகவரியின் பின்னால் இருப்பது. போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள். அங்கும் மறுத்தால் போனில் ஃப்ளைட் மோடைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுங்கள், பல சமயம் வேறு முகவரி கிடைக்கும். இணைய முகவரியை மறைக்கும் விபிஎன் இருந்தால் அணையுங்கள். மறைவுச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) முயலாதீர்கள். அதில் பழைய குக்கி எதுவும் இருக்காது, முன்பின் தெரியாதவராகவே உங்களை நடத்தும். வழக்கமான பிரவுசரில், கூகுள் கணக்கில் உள்நுழைந்த நிலையில் போனால் புதிரே வராமல் விடும் வாய்ப்பு கூடுகிறது. தனியுரிமைக்காகக் குக்கிகளை அன்றாடம் அழிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அந்தப் பழக்கத்தில் தவறில்லை; இதற்கென்று ஒரு பிரவுசரைத் தனியே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். கேப்ட்சா வந்தால் அவனைத்தான் கூப்பிடுகிறோம். போனை மானிட்டருக்கு நேராகப் பிடித்தால் தலைகீழாகத் தெரிகிறது, மங்கலாக இருக்கிறது என்கிறான். நல்ல வழி உண்டா?
– ஓய்வுபெற்ற தம்பதி, கும்பகோணம்

உண்டு அம்மா. விண்டோஸிலேயே குயிக் அசிஸ்ட் இருக்கிறது. கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். மகன் தன் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்து ஒரு குறியீடு எடுத்துச் சொல்வார். நீங்கள் அதை அடித்து, திரையைக் காட்டச் சம்மதித்தால் போதும். கட்டுப்பாட்டைக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் பார்த்துப் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லட்டும், நீங்களே தட்டச்சு செய்யுங்கள். "மதுரைக்கு எம், நாகைக்கு என்" என்று ஊர்ப் பெயரோடு சொல்லச் சொன்னால் எம்மும் என்னும் குழம்பாது. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகன் கிடைக்காத நேரத்தில் பீ மை ஐஸ் செயலியில் தன்னார்வலரைக் கூப்பிடலாம். 2015 முதல் இருக்கிறது, இலவசம். போனின் பின்பக்க கேமராவைத் திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, அவர் சொல்லும் பக்கம் நகர்த்துங்கள். பக்கத்தை முன்கூட்டியே கன்ட்ரோலோடு கூட்டல் குறி அழுத்திப் பெரிதாக்கி வைத்தால் அவருக்குச் சிரமம் குறையும். ஆனால் பேசுபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. வங்கி, ஆதார் பக்கங்களில் கணக்கு எண்ணோ ஓடிபியோ திரையில் இருக்கும்போது கூப்பிடவே கூடாது. அதே செயலியின் செயற்கை நுண்ணறிவிடம் கேப்ட்சா படத்தைக் கொடுத்தால் படிக்க மறுப்பதுண்டு. ஏமாற்றுக்காரர்களுக்கு உதவிவிடக் கூடாது என்று அப்படிப் பழக்கியிருக்கிறார்கள்.

கேப்ட்சாவைத் தானாகத் தீர்க்கும் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) பிரவுசரில் கிடைக்கின்றனவாமே?
– மென்பொருள் சோதனையாளர், சென்னை

முன்பு ஃபயர்ஃபாக்ஸில் வெப்விசம் என்ற நீட்சி இருந்தது, பார்வையற்றவர்களுக்கென்றே உருவானது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டபோது அதுவும் போய்விட்டது. இப்போது பஸ்டர் இருக்கிறது. திறமூல நீட்சி, ரீகேப்ட்சாவின் ஒலிப் புதிரைப் பேச்சுணரிக்கு அனுப்பி விடையை நிரப்பும். ஒலிப் புதிரையே மறுத்துவிட்டால் இதுவும் ஒன்றும் செய்ய முடியாது. கட்டணம் வாங்கும் சேவைகளில் கவனமாக இருங்கள். எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதியை நீட்சிக்குக் கொடுத்தால் நெட்பேங்கிங் பக்கத்தையும் அது படிக்கும். கேப்ட்சா வரும் தளத்தில் மட்டும் இயங்கும்படி நீட்சி அமைப்பில் மாற்றிவிடுங்கள்.

என் மாணவருக்குப் பார்வையும் இல்லை, செவியும் இல்லை. பிரெயில் திரையில் விரலால் படித்துக் கணினி இயக்குகிறார். படமும் ஒலியும் இரண்டுமே அவருக்குப் பயனில்லை.
– சிறப்பாசிரியர், திருச்சிராப்பள்ளி

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். "ஒலி வைத்துவிட்டோம், கடமை முடிந்தது" என்று சொல்லும் தளங்கள் யாரை வெளியே நிறுத்துகின்றன என்பது இதில் தெரிகிறது.

அவருக்கு உதவக்கூடியவை மூன்று. ஒன்று, எச்கேப்ட்சா என்ற வேறொரு வகைக் கேப்ட்சா உள்ள தளங்கள். அதன் அணுகல்தன்மைப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்தால் ஒரு இணைப்பு அனுப்புவார்கள். அதே பிரவுசரில் அதைத் திறந்து குக்கியை அமைத்துக்கொண்டால், பிறகு அந்தக் கேப்ட்சா வருமிடங்களில் டிக் செய்தாலே விட்டுவிடும். அந்தக் குக்கி மூன்றாம் தரப்புக் குக்கி, அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாமல் வேறொரு தளம் வைப்பது. அந்த வகையைத் தடுக்கும் பிரவுசர்களில் குக்கி அமைந்ததுபோலத் தோன்றினாலும் பலிக்காது. அமைப்பில் அதை அனுமதித்துவிட்டுச் செய்யுங்கள். சில காலம் கழித்துக் குக்கி காலாவதியாகும், திரும்பப் பெற வேண்டும். எழுத்தில் கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்கும் புதிரும் எச்கேப்ட்சாவில் உண்டு. பிரெயிலில் படிப்பவருக்கு அதுவே மிகப் பொருத்தம்.

இரண்டு, கேப்ட்சாவுக்கு மாற்றாக வந்த, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டர்ன்ஸ்டைல். 2022இல் அறிமுகமானது. இதில் புதிரே இல்லை. அதிகம் போனால் ஒரு டிக் பெட்டி. மீண்டும் மீண்டும் அதே பக்கத்துக்கே சுற்றினால் கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள், கடிகாரம் தவறினாலும் இது மறுக்கும்.

மூன்றாவது, ஐபோன் இருந்தால். ஐஓஎஸ் 16 முதல் அமைப்புகளில் உங்கள் பெயரைத் திறந்து, உள்நுழைவும் பாதுகாப்பும் என்ற பகுதிக்குள் போனால் 'ஆட்டோமேட்டிக் வெரிஃபிகேஷன்' என்று ஒன்று இருக்கும். அது இயங்கினால், ஏற்கும் தளங்களில் கருவியே உங்களுக்காகச் சான்று சொல்லிவிடும்.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் இணையதளத்தைச் செய்து தருகிறேன். உறுப்பினர் படிவத்தில் குப்பைப் பதிவுகள் வருகின்றன. கேப்ட்சா வைக்காமல் தடுக்க முடியுமா?
– வலைத்தள வடிவமைப்பாளர், ஈரோடு

முடியும். இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு சங்கத்தின் படிவத்துக்கு வரும் குப்பையில் பெரும்பகுதி கண்மூடித்தனமாக எல்லாப் பெட்டிகளையும் நிரப்பும் நிரல்களுடையது. அதற்கு ஒரு பொறிப்பெட்டி போதும். மனிதர் கண்ணில் படாத ஒரு கூடுதல் பெட்டி வையுங்கள், அது நிரம்பி வந்தால் பதிவை ஒதுக்குங்கள்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அந்தப் பெட்டியைத் திரைக்கு வெளியே தள்ளி ஒளிப்பார்கள். திரைவாசிப்பானுக்குத் திரையின் ஓரம் என்று ஒன்று இல்லை, அது அந்தப் பெட்டியையும் வாசிக்கும். பார்வையற்ற உறுப்பினர் நல்லெண்ணத்தோடு அதையும் நிரப்புவார். அவர் பதிவு குப்பைக்குப் போகும், ஏன் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே 'டிஸ்ப்ளே நன்' கொண்டு மறையுங்கள், அது திரைவாசிப்பானிடமிருந்தும் மறைக்கும். எப்படியும் சென்றடைந்துவிட்டால் என்ன செய்வது? "இந்தப் பெட்டியைக் காலியாக விடவும்" என்று பெயர்ச்சீட்டும் எழுதுங்கள். பிரவுசர் தானாக நிரப்பிவிடாதபடி 'ஆட்டோகம்ப்ளீட் ஆஃப்' கொடுங்கள்.

இரண்டாவது, நேரம் பார்ப்பது. பக்கம் திறந்து மூன்று விநாடிக்குள் பத்துப் பெட்டி நிரம்பினால் அது மனிதர் இல்லை. கீழ்வரம்பு மட்டும் வையுங்கள், மேல்வரம்பு வைக்காதீர்கள். திரைவாசிப்பானில் அதே படிவத்துக்கு மற்றவர்களை விடப் பல மடங்கு நேரம் ஆகலாம். மூன்றாவதாக, ஒரே முகவரியிலிருந்து மணிக்கு இத்தனை பதிவு என்ற வரம்பு. நான்காவது, மின்னஞ்சலுக்கோ போனுக்கோ உறுதிப்படுத்தும் இணைப்பு. இவ்வளவும் போதாவிட்டால்தான் டர்ன்ஸ்டைல் போன்றதற்குப் போக வேண்டும். "ஏழும் நான்கும் எத்தனை" என்ற எழுத்துக் கணக்கு பார்வையற்றவருக்கு எளிது. கற்றல் குறைபாடு உள்ள உறுப்பினருக்கு அது சுவராகலாம் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீகேப்ட்சா மூன்றாம் பதிப்பு புதிர் கேட்காமல் 0 முதல் 1 வரை மதிப்பெண் மட்டும் தரும். 0.5க்குக் கீழே வந்தவரை அப்படியே தள்ளிவிடும் தளங்கள் உண்டு. குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்கு மின்னஞ்சல் உறுதிப்பாடு போல மாற்று வழி கொடுக்காமல் அதைப் போடாதீர்கள். பார்த்து இழுக்கச் சொல்லும் நகர்த்துப் பட்டைப் புதிர் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மவுஸும் பார்வையும் இல்லாதவருக்கு அதில் வழியே கிடையாது.

அரசு சேவைத் தளம் ஒன்றில் படக் கேப்ட்சா மட்டுமே இருக்கிறது. ஒலியும் இல்லை, ஓடிபியும் இல்லை. புகார் செய்ய இடமுண்டா?
– வழக்கறிஞர், நாகர்கோவில்

உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தை அணுகும்படி செய்வதை அரசின் கடமையாக்குகிறது. 46ஆம் பிரிவு சேவை தருபவர் எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது. விதிமீறலுக்கு 89ஆம் பிரிவில் முதல்முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம். மத்திய அரசுத் தளமென்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்கும், மாநில அரசுத் தளமென்றால் மாநில ஆணையருக்கும் எழுத வேண்டும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் அவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்குக்கான மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்வது பார்வையற்றவர்களையும் அமில வீச்சில் முகம் பாதிக்கப்பட்டவர்களையும் விலக்குகிறது என்று தொடரப்பட்ட வழக்கு அது. டிஜிட்டல் அணுகல் 21ஆவது உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, 20 வழிகாட்டுதல்களை நீதிமன்றம் பிறப்பித்தது. கண்ணைச் சிமிட்டு என்பதும் படத்தைப் படி என்பதும் ஒரே வகைக் கேள்விதான்.

தொழில்நுட்பத் தரப்பில், வலை அணுகல் வழிகாட்டுதலின் 1.1.1ஆம் விதி படக் கேப்ட்சாவுக்கு வேறொரு புலன்வழி மாற்று இருக்க வேண்டும் என்கிறது. 2023 அக்டோபரில் வந்த 2.2ஆம் பதிப்பின் 3.3.8ஆம் விதி, உள்நுழைவுக்குப் புதிரைத் தீர்ப்பதை மட்டுமே வழியாக வைக்கக் கூடாது என்கிறது. அதில் பொருளைப் படத்தில் அடையாளம் காணும் புதிர்களுக்கு விலக்கு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நெளிந்த எழுத்தைப் படித்து அடிக்கச் சொல்வதற்கு அந்த விலக்கு கிடையாது. அணுகல்தன்மைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 17802ஐயும் குறிப்பிடலாம்.

புகாரில் பக்கத்தின் முழு முகவரி, தேதி, நேரம், பிரவுசர், திரைவாசிப்பானின் பதிப்பு, எந்தச் சேவை கிடைக்காமல் போனது, மாற்றாக என்ன வேண்டும் என்பவை இருக்கட்டும். "அணுக முடியவில்லை" என்று பொதுவாக எழுதினால் "இங்கே சரியாகத்தான் வேலை செய்கிறது" என்று பதில் வரும். சான்றுக்குத் திரையைப் படம்பிடிக்கத் தெரியாவிட்டால் ஒரு எளிய வழி இருக்கிறது. என்விடிஏ விசையோடு என் அழுத்தி, கருவிகள் பட்டியலில் 'ஸ்பீச் வியூவர்' என்பதைத் திறந்து வைத்துவிட்டுக் கேப்ட்சா பகுதியை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசியுங்கள். திரைவாசிப்பான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்தச் சாளரத்தில் எழுத்தாக நிற்கும். அதைப் படியெடுத்து அப்படியே புகாரின் அடியில் ஒட்டிவிடுங்கள்.